திரிகூடம் முதல் மூன்று வேளை வரை



சாரல் காலத்தில் ஒரு நாள் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு முதியவர் ஒருவர் மறுபரிசோதனைக்காக மகளுடன் வந்தார். நெஞ்சுச் சளிக்காக ஐந்து நாள்களுக்கு முன்னர் அவருக்குப் பதினைந்து மாத்திரைகள் கொடுக்கப்பட்டிருந்தன. 'நாளொன்றுக்கு மூன்று வேளை, உணவுக்குப் பின்' என்று உறையின் மீது எழுதியும் கொடுத்திருந்தோம். உறையைப் பிரித்துப் பார்த்தபோது ஐந்து மாத்திரைகள் அப்படியே இருந்தன. காய்ச்சலும் முழுமையாக நீங்கியிருக்கவில்லை.

"தாத்தா, மருந்த ஏன் முழுசாப் போடல?" என்று செவிலியர் கேட்டார். முதியவர் சற்றும் தயங்கவில்லை. "எம்மா, நான் சாப்பிடுததே ரெண்டு வேளதானே. மூணாவது மாத்திரைய எந்தச் சோத்தோட போடுதது?" என்றார்.

அவர் கேட்டதில் பிழையில்லை. 'வேளை' என்பதற்குப் பொழுது என்பது பொருள். ஆயினும் நம் வீடுகளில் வேளை என்றாலே சாப்பாட்டு வேளைதான். உறையில் எழுதியவர், எட்டு மணி நேரத்திற்கு ஒரு முறை என்று கருதி எழுதினார். படித்தவர், உண்ணும்போதெல்லாம் என்று புரிந்துகொண்டார். இருவருக்கும் நடுவே ஒரு சிறு சொல் இரண்டு பொருள்களோடு நின்றது. அதனால் ஐந்து மாத்திரைகள் உறையிலேயே தங்கிவிட்டன.

அன்றிலிருந்து 'மூன்று' என்னும் சொல் எங்கள் நினைவை விட்டு அகலவில்லை. மருத்துவமனையின் சுவர்களிலும் சீட்டுகளிலும் அறிக்கைகளிலும் மூன்றைக் குறிக்கும் சொற்கள் எத்தனை என்று தேடத் தொடங்கினோம். தேடல் மருந்தகத்தில் தொடங்கி, சன்னலுக்கு வெளியே தெரியும் மலை வரை சென்றது. அவ்வாறு கிடைத்தவற்றை இவ்விதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். படுக்கையருகே காத்திருக்கும் பொழுதில் இது உங்களுக்குத் துணையாகட்டும். ஓரிரு இடங்களில் பயனும் தரட்டும்.

மலையும் ஆறும்

குற்றாலத்து மலைக்குத் திரிகூடமலை என்று பெயர். வடமொழியில் 'த்ரி' என்றால் மூன்று. 'கூடம்' என்றால் சிகரம். மூன்று சிகரங்களை உடைய மலை திரிகூடம். குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய மேலகரத்துக் கவிராயர் திரிகூடராசப்பர் என்று இம்மலையின் பெயரையே தம் பெயராகக் கொண்டவர்.

இம்மலையில் பிறக்கும் சிற்றாறு அருவியாக விழுந்து, தென்காசி வழியாகக் கிழக்கே ஓடி, சீவலப்பேரிக்கு அருகில் பொருநையாகிய தாமிரபரணியில் கலக்கிறது. கயத்தாறும் அவ்விடத்தில் வந்து சேர்வதால் அதற்கு முக்கூடல் என்று பெயர் வந்தது. மூன்று ஆறுகள் கூடுமிடம் என்பது பொருள். முக்கூடற்பள்ளு என்னும் புகழ்பெற்ற நூல் எழுந்தது அவ்வூரைப் பற்றியே. இன்று முக்கூடல் என்ற பெயரில் பொருநைக் கரையில் வேறோர் ஊரும் உண்டு. பள்ளு நூல் பாடுவது சீவலப்பேரிப் பக்கத்து முக்கூடலை.

ஆக, நம் ஊர் ஆறு ஒரு மூன்றில் பிறந்து இன்னொரு மூன்றில் முடிகிறது. பிறக்குமிடத்தின் பெயர் வடசொல். முடியுமிடத்தின் பெயர் தமிழ்ச்சொல். திரிகூடத்திலும் முக்கூடலிலும் 'கூட' என்னும் ஒலி இருப்பதைக் கண்டு இரண்டும் ஒரே பொருளுடையவை என்று மயங்க வேண்டா. முன்னதில் அது சிகரம். பின்னதில் அது கூடுதல், அதாவது ஒன்றுசேர்தல்.

'மு' வந்த வழி, 'திரி' வந்த வழி

தமிழில் 'மூன்று' என்பது வேறொரு சொல்லோடு சேரும்போது தன் உருவைச் சுருக்கிக்கொள்ளும். வல்லெழுத்தின் முன் 'மு' என நின்று அவ்வெழுத்தை இரட்டிக்கச் செய்யும்: முக்கனி, முச்சந்தி, முத்தமிழ், முப்பால். மெல்லெழுத்தின் முன் அம்மெல்லெழுத்தே இரட்டும்: மும்மாரி, முந்நூறு. உயிரெழுத்து வந்தால் நெடிலாகவே நிற்கும்: மூவர், மூவாயிரம், மூவுலகு. எண்ணுப்பெயர்கள் இவ்வாறு புணரும் முறையைத் தொல்காப்பியமே குற்றியலுகரப் புணரியலில் விரிவாகக் கூறுகிறது. நாம் இலக்கணம் படிக்காமலேயே முப்பது என்றும் முந்நூறு என்றும் பிழையின்றிச் சொல்கிறோம்.

ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் மலையாளத்தில் 'மூன்னு' என்பர். கன்னடத்தில் அது 'மூரு', தெலுங்கில் 'மூடு'. இவை யாவும் ஒரே குடும்பத்துச் சொற்கள். வடமொழியின் 'த்ரி' வேறு குடும்பம். கிரேக்கம், இலத்தீன், ஆங்கிலம் ஆகியவற்றில் மூன்றைக் குறிக்கும் சொற்களுக்கு அது உறவு. 'மூ'வும் 'திரி'யும் பிறப்பால் தொடர்பற்றவை. நம் நாவில் அண்டை வீட்டாராக வாழ்கின்றன. முக்காலம் என்றும் திரிகாலம் என்றும் சொல்கிறோம். முக்கண்ணன் என்றும் திரிநேத்திரன் என்றும் சொல்கிறோம். சூலத்தைத் திரிசூலம் என்பது போலவே மூவிலைவேல் என்னும் அழகிய தமிழ்ப் பெயரும் உண்டு. இரண்டு குடும்பமும் மணம் செய்துகொண்ட சொற்களும் இருக்கின்றன. மும்மூர்த்தி, முக்குணம் ஆகியவற்றில் தலை தமிழ், உடல் வடமொழி.

'மு' என்று தொடங்குவன எல்லாம் மூன்றைக் குறிப்பன அல்ல. முந்தானையில் இருப்பதும் முந்தாநாளில் இருப்பதும் 'முன்' என்னும் சொல். முதுமையும் மூப்பும் வேறு வேரிலிருந்து வந்தவை. கடலைக் குறிக்கும் முந்நீர் என்ற பழஞ்சொல்லைப் பற்றி உரையாசிரியர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் ஆகிய மூன்றும் சேர்வதால் முந்நீர் என்பர் சிலர். படைத்தல், காத்தல், அழித்தல் ஆகிய மூன்று தன்மையும் உடைமையால் முந்நீர் என்பர் வேறு சிலர். நிலத்துக்கு முன்னே தோன்றிய நீர் என்று 'முன்'னைக் காண்பாரும் உளர். அவ்வாறே 'திரி' என்பது தமிழில் விளக்குத் திரியும் ஆகும். அலைந்து திரிதலும் ஆகும். திரிகூடத்துத் திரி அவற்றுள் எதுவும் அன்று.

அஞ்சறைப் பெட்டியில் மூன்று

திரிகடுகம் என்பது சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றின் கூட்டு. 'கடு' என்பது கார்ப்பைக் குறிக்கும் வடசொல். அதுவே திராவிட மொழிகளிலிருந்து வடமொழிக்குச் சென்றது என்று கருதும் மொழியறிஞர்களும் உண்டு. நல்லாதனார் இயற்றிய அறநூலுக்கும் திரிகடுகம் என்றே பெயர். ஒவ்வொரு பாடலிலும் மும்மூன்று கருத்துகளைச் சொல்லி, உடல்நோய்க்கு அம்மருந்து போல உள்ளத்து நோய்க்கு இந்நூல் என்று அமைத்தார் அவர். பதினெண்கீழ்க்கணக்கில் சிறுபஞ்சமூலம் ஐந்து வேர்களின் பெயரையும் ஏலாதி ஆறு மருந்துப் பொருள்களின் பெயரையும் இவ்வாறே தாங்கி நிற்கின்றன. நூலுக்கு மருந்தின் பெயரை வைப்பது நம் முன்னோர்க்கு இயல்பாக இருந்தது.

இம்மூன்று பொருள்களின் பெயர்களும் நெடுந்தொலைவு பயணம் செய்தவை. திப்பிலிக்கு வடமொழியில் 'பிப்பலி' என்று பெயர். அப்பெயரே கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் சென்று, பின்னர் ஆங்கிலத்தில் 'பெப்பர்' ஆயிற்று. வழியில் பொருள் மாறிவிட்டது. திப்பிலியின் பெயரை மிளகு எடுத்துக்கொண்டது. சுக்கு ஆவதற்கு முன்னுள்ள இஞ்சியின் ஆங்கிலப் பெயரான 'ஜிஞ்சர்', 'இஞ்சிவேர்' என்னும் தென்னாட்டுச் சொல்லிலிருந்து பாலி, கிரேக்கம் முதலிய மொழிகளின் வழியாக உருவானது என்று மொழியறிஞர் கூறுவர்.

திரிபலா என்பது கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்த சூரணம். குறும்பலாவைத் தலமரமாகக் கொண்ட குற்றாலத்துப் பக்கத்தில் இச்சொல்லைக் கேட்கும் குழந்தைகள், மூன்று பலாப்பழம் என்று எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் இங்கே 'பல' என்பது வடமொழியில் கனி. மா, பலா, வாழை என்னும் நம் முக்கனிக்கும் திரிபலாவுக்கும் சொற்பொருள் ஏறத்தாழ ஒன்றே, பொருள்கள்தாம் வேறு. முக்கனி இனிக்கும்; திரிபலா துவர்க்கும்.

இங்கே ஒரு வேண்டுகோள். வீட்டில் திரிகடுகமோ திரிபலாவோ உட்கொள்ளும் பழக்கம் இருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். 'அது மருந்தா என்ன, அடுக்களைப் பொருள்தானே' என்று பலர் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்னும் பொருள், சில மருந்துகள் இரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டவல்லது. வலிப்புக்காகக் கொடுக்கப்படும் ஃபெனிடாயின் அத்தகைய மருந்துகளுள் ஒன்று. திரிபலா மலத்தை இளக்கும் தன்மையது. வயிற்றுப்போக்கு உள்ளவருக்கு அது ஆகாது. சொன்னால் மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்ற அச்சம் வேண்டா. அவர் அறிந்துகொள்ள விரும்பும் செய்திதான் அது.

வளி, அழல், ஐயம்

சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் உடலின் இயக்கத்தை வாதம், பித்தம், கபம் என மூன்றாகப் பகுக்கின்றன. தமிழில் அவற்றுக்கு வளி, அழல், ஐயம் என்று பெயர். மூன்றும் தத்தம் அளவில் நின்றால் நலம்; மிகினும் குறையினும் நோய். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தைத் தொடங்குவதே வளி முதலாகிய இம்மூன்றைச் சொல்லித்தான்.

இச்சொற்கள் மருத்துவ நூலிலிருந்து நம் அன்றாடப் பேச்சுக்கு இறங்கி வந்துவிட்டன. தலைசுற்றினால் பித்தம் என்கிறோம். நெஞ்சு அடைத்தால் வாயு என்கிறோம். பழைய சொற்களை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும் அவசர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் வருத்தத்தோடு கேட்கும் வாக்கியம், 'வாயுப் பிடிப்பு என்று நினைத்துவிட்டோம்' என்பதே. நடுநெஞ்சில் அழுத்துவது போன்ற வலியோ, இடக்கைக்கும் தாடைக்கும் பரவும் வலியோ, அத்தோடு வியர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தால் பெருங்காயமும் சோடாவும் தேடி நேரம் போக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.

அவ்வாறே பக்கவாதம் என்னும் பெயரிலும் வாதம் இருக்கிறது. பக்கவாதம் பெரும்பாலும் மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயில் நேரும் அடைப்பு. அவ்வடைப்பைக் கரைக்கும் மருந்தை, நோய் தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றையும் நினைவில் வையுங்கள். மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினும் எண்ணெய் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கலாகாது.

முச்சந்தியும் இதய அறிக்கையும்

இதயத்தின் எக்கோ அறிக்கையைக் கையில் வாங்கியவர்களின் முகம் மாறுவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அதில் 'டிரிவியல் டி.ஆர்.' என்று ஒரு வரி இருக்கும். கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, 'வால்வில் கசிவாமே' என்று கலங்கிப்போய் வருவார்கள்.

அவ்வரியில் மூன்று என்னும் எண் இருமுறை ஒளிந்திருக்கிறது. 'டி' என்னும் எழுத்து டிரைகஸ்பிட் வால்வைக் குறிக்கிறது. இதயத்தின் வலப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையே, மூன்று இதழ்களோடு கதவு போலத் திறந்து மூடுவது அது. தமிழில் மூவிதழ் வால்வு என்கிறோம். 'ஆர்' என்பது பின்னோக்கிய கசிவு. 'டிரிவியல்' என்ற சொல்லோ இலத்தீனில் மூன்று வழிகள் கூடும் இடத்தைக் குறிக்கும் 'டிரிவியம்' என்பதிலிருந்து வந்தது. அதுவே நம் முச்சந்தி! முச்சந்தி எல்லாரும் வந்துபோகும் பொது இடம். அங்கே கிடைப்பது அருமையான பொருளன்று. எங்கும் காண்பது, அற்பமானது. அவ்வகையில்தான் அச்சொல்லுக்கு 'பொருட்படுத்தத் தேவையற்ற' என்னும் பொருள் ஏற்பட்டது.

ஆகவே அவ்வரியின் பொருள், மூவிதழ் வால்வில் மிகச்சிறு கசிவு தெரிகிறது என்பதே. நலமாக இருப்பவர் பலரிடத்தும் அது காணப்படும். அறிக்கையின் முழுப்பொருளை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும். ஆனால் அவரைப் பார்க்கும் வரை அவ்வொரு சொல்லுக்காக உறக்கத்தை இழக்க வேண்டா.

மேற்கையின் பின்புறத் தசையான டிரைசெப்சுக்கு 'முத்தலை' என்பது பொருள். எலும்பில் அது மூன்று இடங்களில் தொடங்குகிறது. முகத்தில் மின்னல் வெட்டியது போன்ற வலியைத் தரும் டிரைஜெமினல் நரம்புக்கு மூன்று கிளைகள்: கண்ணுக்கு ஒன்று, மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. பல்வலி என்று எண்ணிப் பல்லைப் பிடுங்கிய பின்னும் வலி நிற்காமல் வருவோருள் சிலருக்கு, குற்றவாளி பல் அன்று, இந்நரம்பே என்று தெரியவருவது உண்டு.

மூன்று அல்லாத மூன்று

அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் 'டிரையாஜ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று வண்ணங்களில் அங்கே நோயாளிகளைப் பிரிக்கின்றனர். ஆகையால் இச்சொல்லும் மூன்றிலிருந்து வந்தது என்றே பலரும் எண்ணுவர். எங்களுள் சிலரும் அவ்வாறே எண்ணியிருந்தோம். உண்மை அதுவன்று. பிரெஞ்சு மொழியில் 'ட்ரியே' என்றால் பொறுக்கிப் பிரித்தல். ஆட்டுக் கம்பளியைத் தரம் பிரிப்பதற்கு வழங்கிய சொல் அது. நம் பாவூர்ச்சத்திரம் சந்தையில் காய்கறியைத் தரம் பிரிப்பதற்கும் அது பொருந்தும். நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த லாரே, காயமுற்றோரைப் பதவி பாராது காயத்தின் கடுமை பார்த்து முதலில் கவனிக்கும் முறையைக் கைக்கொண்டார். அச்சொல் மருத்துவமனைக்குள் வந்தது பிற்காலத்திலேயே.

இதன் பொருளை அறிந்துகொள்வது உடனிருப்போருக்குப் பெரிதும் உதவும். உங்கள் தந்தையைக் கையில் வெட்டுக்காயத்தோடு அழைத்து வந்து அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்குப் பின் வந்தவரை உள்ளே கொண்டுபோகின்றனர். நெஞ்சு கொதிக்கத்தான் செய்யும். ஆனால் இங்கே வரிசை என்பது வந்த நேரத்தின்படி அன்று. உயிருக்கு உள்ள ஆபத்தின்படி. பச்சை வண்ணத்தில் உங்களை அமர்த்தியிருந்தால், உடனடி ஆபத்தில்லை என்று பார்த்தவர் கருதியிருக்கிறார் என்பது பொருள். அதே வேளையில், வண்ணம் என்பது மாறாத தீர்ப்பும் அன்று. காத்திருக்கும்போது மயக்கமோ வாந்தியோ மிகுந்த வலியோ ஏற்பட்டால், முறை வரட்டும் என்று பொறுத்திராமல் செவிலியரை அழையுங்கள். மீண்டும் பார்ப்பது அவர் கடமை.

பொருத்தமாகப் பிறந்த ஒரு தமிழ்ச்சொல்

புதிய சொற்கள் எல்லாம் வெளியிலிருந்தே வருகின்றன என்று எண்ண வேண்டா. முத்தடுப்பூசி என்பது நம் மொழியிலேயே உருவான நற்சொல். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி ஆகிய மூன்று நோய்களையும் தடுப்பதால் முத்தடுப்பு. படிக்காத தாய்க்கும் அது கேட்டவுடன் விளங்கிற்று.

2011ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பென்டாவேலன்ட் என்னும் ஐந்நோய்த் தடுப்பூசி முதன்முதலாக அரசுத் திட்டத்தில் வந்தது. முத்தடுப்பின் மூன்றோடு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி நோய்க்கான தடுப்பும், நுரையீரல் அழற்சியும் மூளைக்காய்ச்சலும் உண்டாக்கும் ஹிப் என்னும் கிருமிக்கான தடுப்பும் அதில் சேர்ந்தன. குழந்தை பிறந்து 6, 10, 14 ஆவது வாரங்களில் இது போடப்படுகிறது. அதன்பின் முத்தடுப்பு ஊக்கத் தவணை ஒன்றரை வயதை ஒட்டி ஒரு முறையும், 5 வயதுக்கு மேல் ஒரு முறையும் உண்டு. முதல் மூன்று தவணையோடு முடிந்துவிட்டது என்று கருதிப் பின்வரும் ஊக்கத் தவணைகளை மறந்துவிடும் பெற்றோர் இருக்கின்றனர். பேரப்பிள்ளையின் தடுப்பூசி அட்டையை இன்று மாலையே ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

மூன்று நாள் என்பது எத்தனை நாள்?

மலேரியாவின் ஒரு வகையில் காய்ச்சல் 48 மணி நேரத்துக்கு ஒரு முறை ஏறும். அதாவது ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆயினும் மேலைநாட்டு மருத்துவ நூல்களில் அதற்கு 'டெர்ஷியன்', மூன்றாம் நாள் காய்ச்சல், என்று பெயர். காரணம் எளிது. பண்டைய உரோமானியர் தொடங்கும் நாளையும் சேர்த்தே எண்ணினர். காய்ச்சல் வந்த நாள் ஒன்று, இடைப்பட்ட நாள் இரண்டு, மீண்டும் வரும் நாள் மூன்று.

நாமும் பல வேளைகளில் அவ்வாறே எண்ணுகிறோம். திங்கட்கிழமை மாலையில் காய்ச்சல் தொடங்கி, புதன்கிழமை காலையில் மருத்துவமனைக்கு வந்தால், பாட்டி 'மூன்று நாளாகக் காய்ச்சல்' என்பார். கடிகாரம் பார்க்கும் பேரன் 'ஒன்றரை நாள்' என்பான். இருவர் சொல்வதும் உண்மையே. ஆனால் டெங்கு போன்ற காய்ச்சலில் இவ்வேறுபாடு சிறிதன்று. அதில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் தணியும் தருணத்தில்தான் வருகிறது. 'சூடு குறைந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம்' என்று தோன்றும் அப்பொழுதே கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு ஆகியன தோன்றுகின்றனவா என்று கவனிக்க வேண்டும். ஆதலால் மருத்துவர் கேட்கும்போது எத்தனை நாள் என்று சொல்வதைவிட, எந்தக் கிழமை எந்த நேரத்தில் தொடங்கியது என்று சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

முக்கால் அளவு

முக்காலி என்றால் மூன்று கால்களை உடையது. முக்கால் என்றாலும் மூன்று கால்தான். ஆனால் இங்கே கால் என்பது நான்கில் ஒரு பங்கு. இதை அறியாதவர் இல்லை. எனினும் குழந்தைகளுக்கான திரவ மருந்தில் 'முக்கால் கரண்டி' என்பது எந்தக் கரண்டியில் என்ற கேள்வி எழுகிறது. ஒரு வீட்டுத் தேக்கரண்டி மற்றொரு வீட்டில் அதே அளவாக இருப்பதில்லை. மருந்துப் புட்டியோடு வரும் அளவு மூடியில் மில்லிலிட்டர் கோடுகள் உண்டு. 5 மில்லிலிட்டர் என்று எழுதியிருந்தால் அக்கோடு வரை ஊற்றுங்கள். மூடி தொலைந்துவிட்டால் மருந்தகத்தில் கேளுங்கள். ஊசியில்லாத அளவுக்குழாய் ஒன்றைத் தருவார்கள்.

மூன்று அளவுகள்

மருந்து அதிகாரத்தின் இறுதிப் பகுதியில் வள்ளுவர் மருத்துவருக்கு மூன்று அளவுகளைச் சொல்கிறார். நோயுற்றவனின் நிலை, நோயின் நிலை, காலம் ஆகிய மூன்றையும் கருதிச் செயல்பட வேண்டும் என்பது அவர் கருத்து. அடுத்த குறளில் மருத்துவம் என்பதை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கொடுப்பவர் என நான்காக வகுக்கிறார். உடனிருப்பவரையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக எண்ணினார் அவர் என்பதைப் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருக்கும் உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

அம்முதியவருக்கு நேர்ந்ததும் இவ்வளவுகளுள் ஒன்றைப் பற்றியதே. நோயை அறிந்திருந்தோம், மருந்தையும் அறிந்திருந்தோம். அவர் இரண்டு வேளை மட்டும் உண்பவர் என்பதைக் கேட்காமல் விட்டுவிட்டோம். பிழை எங்களுடையது. இப்போது எங்கள் மருந்தகத்தில் 'மூன்று வேளை' என்று மட்டும் எழுதுவதில்லை. 'காலை 6 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 10 மணி' என்பது போல நேரத்தைக் குறிப்பிடுகிறோம். உண்ணாத வேளையில் எதனோடு மருந்தை உட்கொள்ளலாம் என்பதையும் சொல்கிறோம். யாரேனும் மறந்துவிட்டால் நீங்களே கேளுங்கள்: 'எத்தனை மணிக்கு? சாப்பிடாவிட்டால் எதோடு? எந்த நாள் வரை?' இவையும் மூன்று கேள்விகளே.

முதியவருக்கு மீண்டும் ஐந்து நாள்களுக்கு மருந்து எழுதப்பட்டது. நடுப்பகல் மாத்திரையை ஒரு கிண்ணம் கஞ்சியோடு போடலாம் என்று செவிலியர் சொன்னார். "அதச் சொன்னாப் போதும், தாயி" என்று கூறி உறையை மடித்து மடியில் செருகிக்கொண்டார். அடுத்த முறை வந்தபோது வெற்றுறையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.